படைக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்? ஆற்காட்டு நவாபும் திருச்சிக் கோட்டையும்

திருச்சிராப்பள்ளியில் நத்தர் வலி தர்காவுக்குச் செல்லும் நம்மில் பலர், அங்கே அடங்கியிருக்கும் இரண்டு ஆட்சியாளர்களைக் கவனிப்பதில்லை. ஒருவர் சந்தா சாகிப். மற்றவர் நவாப் முகம்மது அலி வாலாஜா. கர்நாடகத்தின் நவாப் பதவிக்காக ஒருவரை ஒருவர் எதிர்த்துப் போரிட்ட இவ்விருவரும் இன்று ஒரே வளாகத்து மண்ணில் உறங்குகிறார்கள். சந்தா சாகிப் தோற்றார்; 1752ஆம் ஆண்டு ஸ்ரீரங்கத்தில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். முகம்மது அலி வென்றார். அதன் பிறகு 43 ஆண்டுகள் நவாபாக வாழ்ந்தார். ஆனால் அவர் இறந்து ஆறே ஆண்டுகளில் அவருடைய நாடு முழுவதும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது.

போரில் வென்றவரின் நாடு எப்படிப் போயிற்று? துரோகம், சூழ்ச்சி, அந்நியரின் தந்திரம் என்று விடை சொல்வது நமக்குப் பழகிவிட்டது. அவையும் இருந்தன. எனினும் அன்றைய கணக்குகளைப் பார்த்தால் இன்னும் எளிய விடை ஒன்று கிடைக்கிறது. நவாபின் நாட்டைக் காத்த படை நவாபின் படை அன்று. அந்தப் படைக்குச் சம்பளம் கொடுக்க அவரிடம் பணமும் இல்லை. வட்டிக்கு வாங்கிய பணத்தில் அவர் வாடகைப் பாதுகாப்புப் பெற்றார். இந்தக் கணக்கைத்தான் இக்கட்டுரையில் நாம் விரித்துப் பார்க்க இருக்கிறோம்.

படைக்கு முதலில் தேவை ஓர் ஏடு

படை என்றதும் நமக்கு வாளும் குதிரையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் செய்த பெரும் சீர்திருத்தம் ஓர் ஏட்டில் தொடங்கியது. ஹிஜ்ரி 20ஆம் ஆண்டளவில் அவர்கள் ‘திவான்’ என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். போர்வீரர்களின் பெயர்கள் கோத்திர வாரியாக அதில் எழுதப்பட்டன. யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. பத்ருப் போரில் பங்கேற்றவர்களுக்கு ஆண்டுக்கு 5000 திர்ஹம் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். வீரன் தன் தளபதியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை; அவன் பெயர் அரசின் ஏட்டில் இருந்தது. வரவு பைத்துல்மாலுக்கு வந்தது. செலவு ஏட்டின்படி நடந்தது.

முகலாயர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஆட்சியில் மீர் பக்ஷி என்னும் உயர் அதிகாரி படைவீரர் கணக்கையும் சம்பளத்தையும் கவனித்தார். ஒவ்வொரு மன்சப்தாரும் எத்தனை குதிரைவீரர்களை வைத்திருக்க வேண்டும் என்பது எண்ணால் வரையறுக்கப்பட்டது. குதிரைகளுக்குச் சூடு போட்டு அடையாளமிட்டுச் சரிபார்த்தார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் டில்லியின் கை தளர்ந்தபோது, ஆற்காட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த முறையின் பெயர்கள் மட்டுமே. அதன் ஒழுங்கு வந்து சேரவில்லை.

நவாபின் படை இருந்த விதம்

அக்காலக் கர்நாடகப் படையை ஒரே படை என்று சொல்வதைவிடப் பல சிறு படைகளின் கூட்டம் என்பதே பொருந்தும். ஜமேதார் ஒருவர் தம் ஆட்களைத் திரட்டி வருவார். மொத்தத் தொகை பேசிக்கொள்வார். குதிரைவீரர்களில் பலருக்குக் குதிரை சொந்தமானது. அது போரில் இறந்தால் இழப்பு அவனுடையது. பிழைப்பும் அதோடு போய்விடும். ஆகவே பீரங்கிக்கு முன்னால் குதிரையைச் செலுத்த அவன் தயங்கினான். இதைக் கோழைத்தனம் என்று எழுதிச் சென்றவர்கள் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. குதிரையின் விலையை அரசு ஏற்காதபோது வீரன் அதைக் காப்பாற்றப் பார்ப்பது இயல்புதான்.

கோட்டைகளின் நிலையும் அவ்வாறே. வேலூர் போன்ற கோட்டைகளில் கில்லேதார்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் ஆளும் குடும்பங்களின் உறவினர்கள். தங்கள் பகுதியின் வரியைத் தாங்களே வைத்துக்கொண்டு, நவாபுக்கு வேண்டியபோது கொடுத்தார்கள். வேண்டாதபோது கதவை அடைத்துக்கொண்டார்கள். தெற்கே பாளையக்காரர்கள் படை வந்து நின்றால்தான் கப்பம் கட்டினார்கள். எனவே வரி வாங்கப் படை தேவைப்பட்டது. படை வைக்க வரி தேவைப்பட்டது.

இந்த அமைப்பின் பலவீனம் 1746இல் வெளிப்பட்டது. நவாப் அன்வருத்தீன் கானின் மூத்த மகன் மஹ்ஃபூஸ் கான் சுமார் 10,000 பேருடன் சென்னை அருகே அடையாற்றங்கரையில் நின்றார். பாரதி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஐரோப்பியரும் சிப்பாய்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேருடன் ஆற்றைக் கடந்து வந்து அவரைத் தோற்கடித்தார். தொகையில் பத்தில் ஒரு பங்காக இருந்த படை வென்றதற்குக் காரணம், அது ஒரே கட்டளைக்கு ஒன்றாகச் சுட்டது என்பதே. மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1749இல் ஆம்பூரில் அன்வருத்தீன் கான் போர்க்களத்தில் மாண்டார். அவருடைய இளைய மகன் முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தார்.

முற்றுகையும் ஸ்ரீரங்கமும்

1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சியை நெருக்கினார்கள். முகம்மது அலியிடம் இருந்தது ஒரு கோட்டையும் சில வாக்குறுதிகளும் மட்டுமே. கம்பெனிக்குக் கர்நாடக வருவாயை ஈடு வைத்தார். மைசூரின் நஞ்சராஜருக்கு, படை கொண்டு வந்தால் திருச்சியையே தருவதாக இரகசியமாக வாக்களித்தார். மராட்டியத் தளபதி முராரி ராவ் கூலிக்கு வந்தார். தஞ்சாவூரிலிருந்து மாணக்ஜியின் தலைமையில் படை வந்தது. ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்டு ஆற்காட்டைப் பிடித்து, எதிரியின் படையில் ஒரு பகுதியை அங்கே இழுத்தார்.

1752 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி லா, காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் பின்வாங்கினார். பிரெஞ்சுப் படை திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலிலும், சந்தா சாகிபின் படை அரங்கநாதர் கோயிலிலும் தங்கின. கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் நின்று புதுச்சேரியிலிருந்து வரும் உணவையும் பணத்தையும் தடுத்தார். இரண்டு ஆறுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சந்தா சாகிபிடம் அவருடைய தளபதிகள் வந்து, சம்பளப் பாக்கி நின்றுபோனதால் விலகுவதாகச் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை, பாக்கி உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, பிற்காலத்தில் தருவதாகச் சொல்லி வழியனுப்பினார் என அக்காலப் போர்களை எழுதிய ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்கிறார். ஏறத்தாழ 2000 நல்ல குதிரைவீரர்கள் அப்படியே சமயபுரம் சென்று கிளைவிடம் சேர்ந்தார்கள். சில நாட்களில் சந்தா சாகிப் மாணக்ஜியை நம்பிச் சரணடைந்து கொல்லப்பட்டார். லாவும் சரணடைந்தார்.

அதே ஓர்ம் எழுதும் இன்னொரு செய்தியும் நம் கவனத்துக்குரியது. சந்தா சாகிபின் படையில் இருந்த ராஜபுத்திர வீரர்கள் சுமார் ஆயிரம் பேர் கோயிலின் உட்பிராகாரங்களைக் காத்து நின்றார்கள். மூன்றாம் மதிலுக்கு உள்ளே யாரேனும் நுழைந்தால் வெட்டிப்போடுவோம் என்று வென்றவர்களுக்கே எச்சரிக்கை விடுத்தார்கள். வென்றவர்களும் அதை மதித்தார்கள். சம்பளத்துக்காக வந்தவர்கள் கலைந்து போனபின்பும், நம்பிக்கைக்காக நின்றவர்கள் நின்றார்கள்.

வெற்றிக்குப் பிறகு நஞ்சராஜர் திருச்சியைக் கேட்டார். முகம்மது அலி தரவில்லை. நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். 1753, 1754ஆம் ஆண்டுகளில் மீண்டும் முற்றுகை, பொன்மலையைச் சுற்றிப் போர்கள். அந்த மைசூர்ப் படையில் ஹைதர் அலி என்னும் இளம் தளபதியும் இருந்தார். கொடுத்த வாக்கை முகம்மது அலி காக்காததன் விலையை, பின்னாளில் அவருடைய குடிமக்கள் ஹைதரின் படையெடுப்புகளில் செலுத்தினார்கள்.

கம்பெனிப் படையின் அமைப்பு

இந்தப் போர்களில் கம்பெனி தன் படையை வளர்த்துக்கொண்டது. 1748இல் வந்த மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அதைச் சீர்படுத்தினார். 1758 முதல் சிப்பாய்கள் பட்டாளங்களாக ஒழுங்குபடுத்தப்பட்டார்கள். பட்டாளத்துக்குள் கம்பெனிகள், அவற்றில் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று படிநிலை. பதவிப் பெயர்களில் பெரும்பாலானவை நம்மவர்களின் பாரசீக, உருதுச் சொற்கள். வீரர்களும் இந்த மண்ணின் முஸ்லிம்கள், தமிழர்கள், தெலுங்கர்கள். புதியவை மூன்று: துப்பாக்கி அரசுடையது, பயிற்சி ஒரே மாதிரியானது, சம்பளம் தலைவனின் கையால் அன்றி ஏட்டின்படி தனித்தனியாகக் கிடைத்தது.

அந்தப் படையில் உயர்ந்த நம்மவர் கான் சாகிப் எனப்படும் முகம்மது யூசுஃப் கான். மருதநாயகம் என்று தமிழகம் அறிந்தவர். திருச்சிப் போர்களில் உணவு வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த அவரைக் கம்பெனி தன் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக்கியது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆள அனுப்பப்பட்டபோது வரியை ஒழுங்காக வசூலித்தார். தமக்கெனப் பயிற்சி பெற்ற படையை உருவாக்கினார். வரியும் படையும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நவாபும் அறிந்திருந்தார், கம்பெனியும் அறிந்திருந்தது. 1763இல் மோதல் வெடித்தது. மதுரைக் கோட்டையை மாதக்கணக்கில் காத்த அவர், உடனிருந்தவர்களால் பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். நவாபின் நாட்டில் நவாபுக்கென ஒரு படையை உருவாக்கியிருக்கக் கூடிய மனிதரை அழிப்பதில் நவாபே முன்னின்றார் என்பதை வேதனையோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கடன் என்னும் அகழி

1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை முகம்மது அலியைக் கர்நாடகத்தின் சட்டபூர்வ நவாபாகப் பெயர் சொல்லி ஏற்றது. ஐரோப்பிய வல்லரசுகளின் ஒப்பந்தத்தில் இடம்பெற்ற அந்தப் பெயருக்குப் பின்னால் ஏற்கெனவே பெரிய கடன் நின்றது. 1760 வாக்கிலேயே, போர்ச்செலவுக் கடன் தீரும்வரை ஆண்டுக்கு 28 இலட்சம் ரூபாயும், திருச்சிக் காவற்படையின் செலவுக்கு 3 இலட்சமும் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். தம் கோட்டையில் நிற்கும் அடுத்தவர் படைக்கு அவர் கொடுத்த வாடகை அது.

கம்பெனி தவணை கேட்கும் நாள் அறுவடை நாளோடு பொருந்தாது. அப்போது நவாப் கடன் வாங்கினார். யாரிடம்? கம்பெனியின் ஊழியர்களிடமே. வட்டி தொடக்கத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டியது. பிறகு 25, 20 என்று இறங்கி, 1767இல் கடன்களை ஒன்றாகத் தொகுத்தபோது 10 ஆயிற்று. ஈடாக அவர் கொடுத்தது ‘தன்க்வா’ என்னும் சீட்டு. இன்று உருது பேசுவோர் மாதச் சம்பளத்துக்குச் சொல்லும் அதே சொல். அன்று அது, இந்தச் சீமையின் வரியை இவர் வசூலித்துக்கொள்ளலாம் என்னும் உத்தரவு. கடன் கொடுத்தவரின் துபாஷியும் ஆட்களும் களத்துமேட்டில் வந்து நின்றார்கள். குடியானவன் நசுங்கினான், அடுத்த ஆண்டு விளைச்சல் குறைந்தது, வரி குறைந்தது, நவாப் மீண்டும் கடன் வாங்கினார். ஆட்சியாளர் தமக்கெனத் தோண்டிக்கொண்ட அகழி அது.

பால் பென்ஃபீல்டு என்னும் கம்பெனி ஊழியரின் ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுன். ஆனால் 1776இல் அவர், நவாப் கொடுத்த ஈட்டின் பெயரால் தஞ்சாவூரின் வருவாயிலும் விளைச்சலிலும் தமக்கு 2,34,000 பவுன் வரவேண்டும் என்றார். அந்தப் பூசலின் உச்சத்தில் சென்னை ஆளுநர் பிகாட் பிரபுவையே அவருடைய சபையினர் சிறைப்படுத்தினர். அவர் காவலிலேயே இறந்தார்.

இவை எல்லாவற்றிலும் நம்மை அதிகம் பாதிப்பது 1777ஆம் ஆண்டின் ‘குதிரைப்படைக் கடன்’. நவாப் தமக்கென ஒரு குதிரைப்படை வைத்திருந்தார். அதைக் கலைத்துவிடும்படி கம்பெனி வற்புறுத்தியது. கலைக்க வேண்டுமானால் வீரர்களின் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும், பணம் இல்லை. டெய்லர், மஜெண்டி, கால் என்னும் மூன்று ஆங்கிலேயர் 4 இலட்சம் வராகன், அதாவது 1,60,000 பவுன், 12 விழுக்காடு வட்டிக்குத் தர முன்வந்தார்கள். சீமைகளின் வரி அவர்கள் பெயருக்கு எழுதப்பட்டது. வரி அவர்களுக்குப் போயிற்று. வீரர்களுக்கோ பாக்கி நெடுநாள் தீரவில்லை. 1780இல் ஹைதர் அலி மலைக்கணவாய் வழியே இறங்கியபோது, அவருடைய குதிரைப்படையை எதிர்கொள்ளப் போதிய குதிரைப்படை கர்நாடகத்தில் இல்லை. இந்தக் கதையை எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார். கடன்கள் உண்மையா என்று விசாரிக்காமலே அவற்றை ஏற்க அன்றைய அமைச்சரவை முடிவு செய்திருந்தது.

அந்தக் குதிரைப்படையில் எஞ்சியவை 1784இல் கம்பெனிக்கு மாற்றப்பட்டன. இன்று இந்திய இராணுவத்தின் மிகப் பழைய கவசப்படைப் பிரிவாகக் கருதப்படும் 16ஆவது இலகு குதிரைப்படையின் வேர், 1776க்கு முன்பே ஆற்காட்டு நவாபின் ஊழியத்தில் இருந்த ஒரு பிரிவில்தான் இருக்கிறது. வீரர்கள் திறமையற்றவர்களாக இருக்கவில்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஓர் அரசு இல்லை.

ஒப்பந்தம் எழுதிய முடிவு

1787ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நவாப் அமைதிக்காலப் படைச்செலவுக்கு ஆண்டுக்கு 9 இலட்சம் வராகனும், கடனுக்கு 12 இலட்சம் வராகனும் தர வேண்டும். 1792இல் காரன்வாலிஸ் அதைத் திருத்தினார்: படைக்கு 9 இலட்சம், கடனுக்கு 6,21,105 வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்று கொண்டால் இரண்டும் சேர்ந்து 53 இலட்சம் ரூபாய்க்கு மேல். போர் வந்தால் நாட்டின் நிர்வாகமே கம்பெனியின் கைக்குப் போகும். நவாபுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

1795 அக்டோபர் 13ஆம் நாள் முகம்மது அலி சென்னையில் இறந்தார். உடல் பின்னர் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலை 15இல் மறைந்தார். அதே மாதம் 31ஆம் நாள், அசீமுத்தவ்லாவுடன் செய்த ஒப்பந்தத்தில் சிவில், இராணுவ ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு எழுதப்பட்டது. போர்க்காலத்துக்கு என்று எழுதியிருந்த ஐந்தில் ஒரு பங்கு இப்போது நிரந்தரமாயிற்று. பின்னர் கடன்களை ஆராய ஒரு குழு அமர்ந்தது. மொத்தம் 3 கோடி பவுனுக்கு மேல் கோரிக்கைகள் வந்தன. நேர்மையானவை என அது ஏற்றது ஏறத்தாழ 26 இலட்சம் பவுன் மட்டுமே. பத்தில் ஒரு பங்குகூட உண்மையில்லாத கடனுக்காக ஒரு நாடு சுமை தாங்கியது.

முகம்மது அலியை நாம் வெறுத்து ஒதுக்கவில்லை. மக்கா, மதீனா யாத்ரீகர்களுக்கு அவர் அனுப்பிய உதவிகளையும், பஹ்ருல் உலூம் அப்துல் அலி போன்ற அறிஞர்களுக்கு அவருடைய அரண்மனை அளித்த ஆதரவையும் நன்றியோடு நினைக்கிறோம். அவருடைய காலத்தைப் பாரசீகத்தில் எழுதிய துஸ்க்கே வாலாஜாஹியை 1934இல் ஆங்கிலத்தில் தந்த முகம்மது ஹுசைன் நயினார் போன்ற நம் அறிஞர்களின் உழைப்பும் வீணாகக் கூடாது. ஆனால் கொடைகளை மட்டும் பேசிக் கணக்கை மறைத்தால் அது வரலாறாகாது.

நமக்கான கணக்கு

இன்று திருச்சியில் கோட்டை மதில் இல்லை. மெயின் கார்டு கேட் என்னும் வாயில் மட்டும் நிற்கிறது. அகழி இருந்த வழியில் புலிவார்டு சாலையில் பேருந்துகள் ஓடுகின்றன. ஊரின் மறுபுறம் 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6.21 இலட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் சுமார் 1.41 இலட்சம் கோடி. இந்தத் தொகை அதிகமா, குறைவா என்று விவாதிக்கலாம். விவாதிக்க முடிகிறது என்பதே நவாபின் காலத்துக்கும் இக்காலத்துக்கும் உள்ள வேறுபாடு. கணக்கு மக்கள் மன்றத்தில் வைக்கப்படுகிறது. அதைப் படித்துக் கேள்வி கேட்பது குடிமக்களாகிய நம் கடமை.

நாட்டுக்கு உரியது வீட்டுக்கும் ஜமாஅத்துக்கும் உரியது. பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்ப நன்கொடை திரட்டும் நாம், இமாமுக்கும் முஅத்தினுக்கும் உரிய சம்பளத்தை மாதக்கணக்கில் பாக்கி வைக்கவில்லையா? மகளின் திருமணத்தைச் சிறப்பிக்க வட்டிக்கு வாங்கிவிட்டு, அந்த வட்டிக்கு ஈடாக வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தவர்கள் நம் தெருவில் இல்லையா? அவர்களும் தன்க்வா எழுதிக் கொடுத்தவர்கள்தாம். வட்டியை அல்லாஹ் தடுத்ததும், கடனை எழுதி வைக்கும்படி திருமறையின் மிக நீண்ட வசனத்தில் கட்டளையிட்டதும், உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் தனி மனிதர்களின் ஒழுக்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு நாடு நிற்பதும் விழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது என்பதற்குத் திருச்சிக் கோட்டை சாட்சி.

அடுத்த முறை நத்தர் வலி தர்காவுக்குச் செல்லும்போது அந்த இரு அடக்கத்தலங்களின் முன் சிறிது நேரம் நிற்போம். இருவரின் பிழைகளையும் பொறுத்தருள அல்லாஹ்விடம் வேண்டுவோம். பிறகு வீட்டுக்கு வந்து, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நம் சொந்த ஏட்டை ஒருமுறை திறந்து பார்ப்போம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.